செசிலியின் இரண்டு கைகள்

செசிலியின் இடது உள்ளங்கையில், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கீழே இருக்கும் மேட்டில், என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். "அய்யோ மாதாவே!" என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வலியில் ஒருவர் கத்தும்போது சந்தோஷப்படுகிறவன் என்ன மனுஷன் என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். அன்றைக்கு என்னிடம் கேட்க ஆளில்லாமல் போனதுதான் வினை.

மலை மேலே, பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வரிசையாக ஆறு பெஞ்சு போட்டு, பெஞ்சுக்கு ஒருவராக அக்குபிரஷர் மாணவர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். கொட்டகை முழுக்கப் பச்சை இலை வாசம். வெளியே பொடித் தூறல். என் பெஞ்சுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். ஆளும் கொஞ்சம் வாட்டசாட்டமாக இருப்பேன், வெள்ளைச் சட்டை வேறு. பெண்கள் "டாக்டர் சார்" என்றார்கள். முதல் தடவை மறுக்க நினைத்தேன். இரண்டாம் தடவை நினைக்கவில்லை.

கையை இழுத்துக்கொண்ட செசிலிக்கு முப்பது வயது இருக்கும். "என்ன சார், கையில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

நான் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு, "கையில ஒண்ணுமில்லீங்க. இதயம் கொஞ்சம் பலவீனம்" என்றேன். நோட்டில் எழுதினேன். என் எழுத்து அன்று மிக அழகாக இருந்தது.

அச்சாபீஸ் மாடி

நான் எப்படி அந்த பெஞ்சுக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் பின்பாதி. பாலக்காடு ஜில்லா வடகரப்பதியில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு, நிலக்கடலை, இரண்டு எருமை. வயது முப்பத்தேழு. ஒரு நாள் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தலை வாரக்கூடக் கை தூக்க முடியாது. சரசுதான், அதாவது என் மனைவிதான், வாரிவிடுவாள். எண்ணெய் போட்டாயிற்று, ஒத்தடம் கொடுத்தாயிற்று, ஊசியும் ஆயிற்று. கடைசியில் பாலக்காட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த ஒரு அம்மா கையையும் காலையும் அமுக்கியே வலி போக்குகிறார் என்று சொன்னார்கள்.

அவர்தான் லில்லி டீச்சர். இலங்கையில் நர்சாக இருந்தவர். அங்கே சீன வைத்தியம் படித்தவர்களிடம் பழகி இதைக் கற்றுக்கொண்டாராம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். என்னை "அண்ணே" என்பார், நான் அவரை "டீச்சர்" என்பேன். ஐந்தாறு தடவை அமுக்கியதில் கை தூக்கினேன். தலை வாரினேன். அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், எனக்கும் சொல்லித்தாருங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு. ஒரு அச்சாபீசின் மாடி. கீழே மிஷின் ஓட ஓட மேலே பெஞ்சு அதிரும். சுவரில் இரண்டு உள்ளங்கைகள் வரைந்த பெரிய படம். கட்டைவிரல் நுனி தலை, ஆள்காட்டி விரலின் அடி கண், இடது கையில் சுண்டு விரலுக்குக் கீழே இதயம், வலது கையில் அதே இடத்தில் ஈரல். எந்தப் புள்ளியை அமுக்கினால் அதிகம் வலிக்கிறதோ, அந்த உறுப்பில் கோளாறு. பாடம் அவ்வளவுதான். எனக்கு இது கணக்குப் போலப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் எல்லோருடைய கையையும் அமுக்கிப் பார்த்தேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, பால் சொசைட்டியில் வரிசையில் நின்றவர்கள் என ஒருவரையும் விடவில்லை. என்னைக் கண்டாலே ஜனங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"ஏனுங்க," என்றாள் சரசு, "ஊட்டுல இனி ஒருத்தரும் பாக்கியில்லீங்க. எருமைக்கு உள்ளங்கை இல்லாம போச்சு, இல்லாட்டி அதையும் அமுத்திப் பாத்திருப்பீங்க."

"சிரி, சிரி. நாளைக்குச் சர்ட்டிபிகேட்டு வந்தா நீயே சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுவே" என்றேன்.

அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கொடுப்பது ஒரு சங்கம். சர்க்கார் லைசென்ஸ் என்று இதற்குத் தனியாக எதுவும் கிடையாது. (பிற்பாடு ஒரு அறை எடுத்து உட்கார்ந்தபோது பஞ்சாயத்து ஆபீசில் லைசென்ஸ் கேட்டேன். கிளார்க் அவர் பட்டியலை மேலும் கீழும் தேடினார். மாவு மில் இருந்தது, முடி திருத்தும் கடை இருந்தது, சோடாக் கம்பெனி இருந்தது. என்னை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் கடைசியில் "மற்றவை" என்று எழுதிக் கொடுத்தார். இன்றுவரை நான் மற்றவைதான்.)

சங்கத்துப் பரீட்சைக்கு உட்கார நூறு பேரைப் பார்த்து நோட்டில் எழுதியிருக்க வேண்டும். பெயர், வயது, வலித்த புள்ளி, நோய் என நான்கு கட்டம். வடகரப்பதியில் கை கிடைக்காமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் பள்ளிவாசல் முகாமைப் பற்றிச் சொன்னார். அங்கே அவருடைய உறவினர்கள் தோட்டத்தில் வேலை செய்தார்கள். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி, தலை சுற்றி, வாந்தி எடுத்து ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

இருபத்துமூன்று கைகள்

முதல் நாள் மட்டும் என் பெஞ்சில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருபத்துமூன்று பேர். அத்தனை பேருக்கும் கட்டைவிரல் நுனியை அமுக்கினால் வலித்தது. பதினேழு பேருக்குத் தலைநோய் என்று எழுதினேன். நாள் முழுக்கக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குத் தலையில்தானே வரும் என்று காரணமும் நானே கண்டுபிடித்தேன். இதயப் புள்ளியில் ரொம்ப வலித்த ஆறு பேருக்கு இதயப் பலவீனம். இடது கையை மட்டும்தான் பார்த்தேன். கூட்டம் அப்படி. வலது கையைப் பார்க்க நேரம் ஏது?

முகாம் நடத்தத் தோட்டத்து மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நோய் கண்டவர்களின் பெயர்ப் பட்டியலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் ஆளுக்கொரு பட்டியல் எழுதினோம். என் பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டேன். பெயருக்கு முன்னால், யாரும் கேட்காமலே, டாக்டர் என்று எழுதினேன்.

இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

காலையில் வந்தவர்

மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். மறுநாள் விடிந்து, பெஞ்சில் உட்கார்ந்து பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் செசிலி. இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கட்டி, முதுகில் கூடையோடு வேலைக்குப் போகிற கோலம். கண் சிவந்திருந்தது.

"டாக்டர் சார், என் பேரை எதுக்கு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தீக?"

"நோய் இருந்தா சொல்லோணுமில்லீங்களா?"

"எனக்கு இன்னும் வேலை ஸ்திரமாகலை சார். அஞ்சு வருசமா தாற்காலிகம். அம்மாவுக்கு வேலை முடிஞ்சுபோச்சு. தோட்டம் குடுத்த லயத்து வீடு அம்மா பேருல இருக்கு. என்னை ஸ்திரமாக்கினாத்தான் வீடு தங்கும். திங்கக்கிழமை டாக்டர் உடம்பு பாத்து எழுதணும். ஆஸ்பத்திரி ஆயா சொல்லுறாக, லிஸ்டுல என் பேருக்கு நேரா இதயம்னு இருக்காம். இதயம் கெட்டவளை எந்தத் தோட்டத்துல ஸ்திரமாக்குவாக?"

லில்லி டீச்சர் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது.

"புள்ளி பொய் சொல்லாதுங்க. அமுக்கினா நீங்கதான கத்துனீங்க?" என்றேன்.

செசிலி என் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார். "வலது கையையும் அமுக்குங்க" என்றார்.

அமுக்கினேன். அதே இடம். அதே "மாதாவே".

"இதுல என்ன சார் இருக்கு?"

"ஈரல்" என்றேன். எனக்கே குரல் இறங்கிவிட்டது.

"அப்ப ஈரலும் போச்சா? சரி, வாங்க. இன்னைக்குக் காலையில என் நிரையில நின்னு கொழுந்து எடுங்க. அப்புறம் உங்க கையை டீச்சர் அமுக்கிப் பாக்கட்டும்."

டீச்சர் என்னைப் பார்த்து, "போங்கண்ணே" என்றார்.

ஒரு காலை நேரம்

மண்வெட்டி பிடித்த கை என்று எனக்கு ஒரு திமிர். கொழுந்தென்ன, கீரை பறிக்கிற மாதிரிதானே என்று இறங்கினேன். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

செசிலி காட்டிக்கொடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளியதை உடனே கூடையில் போடுவதில்லை. கை நிறையும் வரை உள்ளங்கையிலேயே வைத்திருக்க வேண்டும். எதைக் கொண்டு? மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி இலையை இறுக்கிப் பிடித்திருக்க, மேலே இரண்டு விரல் கிள்ளிக்கொண்டே இருக்கும். நிறைந்ததும் தோளுக்கு மேலே வீசி முதுகுக் கூடையில். இரண்டு கையிலும் இப்படியே. காலையிலிருந்து சாயங்காலம் வரை இப்படியே.

முதல் கால் மணி நேரம் பேசிக்கொண்டே எடுத்தேன். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. பக்கத்து நிரைப் பெண்கள் எனக்கு இரண்டு நிரை முன்னால் போய்விட்டார்கள். சுண்டு விரலுக்குக் கீழே ஏதோ கடுக்க ஆரம்பித்தது. உதறினேன். மறுபடி கடுத்தது. தூறல் நின்று வெயில் வந்து, பத்து மணிச் சாயாவுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது என்னால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

டீச்சர் மேலே ஏறி வந்திருந்தார். என் இடது கையை வாங்கி அந்த மேட்டில் கட்டைவிரலை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணனுக்கும் இதயப் பலவீனம்" என்றார் டீச்சர்.

சிரிப்பு அந்தச் சரிவு முழுக்க ஓடியது. செசிலி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குத் திங்கட்கிழமை.

மலையாளத்தில் ஒரு கடிதம்

பட்டியலில் செசிலியின் பெயரை மட்டும் அடித்துவிடலாம் என்று டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன். மற்றவர்கள் ஸ்திரமானவர்கள், அவர்களுக்கு நஷ்டமில்லை. என் நோட்டில் இந்த இருபத்துமூன்றையும் சேர்த்தால்தான் நூறு வரும். இவற்றை அடித்தால் அந்த வருஷம் பரீட்சை கிடையாது. பஸ்ஸில் வாந்தி எடுத்ததெல்லாம் வீண்.

டீச்சர், "நோட்டு உங்களுடையது" என்று மட்டும் சொன்னார்.

செசிலிக்குக் காது கூர்மை. "அப்ப பாக்கியம் அக்கா? நேத்து ராத்திரி பூரா தலையில என்னமோ இருக்குன்னு அழுதாக சார். அவுக கையும் என் கை மாதிரித்தான்" என்றார்.

பாக்கியத்தின் முகம் நினைவுக்கு வந்தது. நான் சொன்னதைக் கேட்டுத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனவர். வெட்கமாக இருந்தது. நோட்டை எடுத்து இருபத்துமூன்று வரியையும் அடித்தேன். கை வலியில் கோடுகள் நேராக வரவில்லை.

அடுத்தது ஆஸ்பத்திரிக்குக் கடிதம். நான் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

"தமிழ்ல எழுதினா ஆபீசுல மூலையில போட்டுருவாக. மலையாளத்துல எழுதுங்க" என்றார் செசிலி.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும். எழுத வராது. வடகரப்பதியில் நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். செசிலி ஏழாவது வரை மலையாளத்தில் படித்தவர். அவரே எழுதித் தரட்டுமே என்றேன்.

"நான் எழுதினா நானே எனக்கு எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாக. உங்க கையால எழுதுங்க. நான் சொல்லுறேன்."

சாயங்காலம் வேலை விட்ட பிறகு பள்ளிக்கூட வராந்தாவில், ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். செசிலி நின்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சிலேட்டில் போட்டுக் காட்ட, நான் காகிதத்தில் பார்த்து எழுதினேன். அரைப் பக்கம் எழுத ஒரு மணி நேரம். அதன் சாரம் இதுதான்:

"நான் அமுக்கிப் பார்த்தது இந்தப் பெண்களின் கையை மட்டுமே. இதயத்தையோ தலையையோ நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தெரியாது. கொழுந்தெடுத்து வந்த வலியை நோய் என்று தவறாக எழுதிவிட்டேன்."

'பார்க்க எனக்குத் தெரியாது' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினேன். "இது வேணுங்களா?" என்றேன்.

"வேணும் சார்."

எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்து, பழக்கதோஷம், பெயருக்கு முன்னால் பேனாவைக் கொண்டுபோனேன். ஒரே நாளில் அதற்குள் பழக்கம்.

"அது வேண்டாம் சார். அதனாலதான் இம்புட்டும்" என்றார் செசிலி. கோபமாகச் சொல்லவில்லை.

வெறும் வேலுச்சாமி என்று போட்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் கோட்டயத்துப் பக்கத்துக்காரர், வயதானவர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எத்ர கொல்லம் படிச்சு?" என்றார்.

எத்தனை வருஷமா? "ஆறு மாசம் சார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கடிதத்தைப் பட்டியலோடு சேர்த்து ஊசி குத்தி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு கார்டு

அந்த வருஷம் என்னோடு வந்த ஐந்து பேரும் பரீட்சை எழுதினார்கள். நான் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் பரணில் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சரசு என்னைக் கேலி செய்வதையும் விட்டுவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. தமிழில், மலையாளம் எழுதிப் பழகிய உருண்டை எழுத்தில்.

"சாருக்கு ஸ்தோத்திரம். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதினார். ஸ்திரம் ஆகிவிட்டது. வீடு எங்களுக்கே. அம்மா சுகம். பாக்கியம் அக்கா சுகம். கை வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஏதாவது படித்தீர்களா? செசிலி."

கார்டை இரண்டு தடவை படித்தேன். அந்த இரண்டு நாளில் எத்தனை பேச்சு, எத்தனை எழுத்து. நோய் என்று எழுதினேன், இல்லை என்று எழுதினேன். வலிக்கிறது என்று கையை நீட்டிய பெண்ணுக்கு அந்த வலிக்கு ஒன்றும் செய்யாமலே பஸ் ஏறியிருக்கிறேன்.

சரசு கார்டை வாங்கிப் படித்தாள். "ஏனுங்க, பரண்ல இருந்து அந்த நோட்டை எடுத்தாரட்டுங்களா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சாபீஸ் மாடிக்குப் போனேன். டீச்சர் பழைய பாடத்தை எடுக்கவில்லை. முன்னங்கையில் எங்கே அமுக்கினால் விரல் இறுக்கம் விடும், எங்கே அமுக்கக் கூடாது, எப்போது நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆரம்பித்தார். புது நோட்டு வாங்கினேன். அதில் பெயருக்கும் வயதுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் அதிகமாகப் போட்டுக்கொண்டேன். அதற்குத் தலைப்பு, தொழில்.

மறுபடியும் உடுமலை, மறையூர், வாந்தி. செசிலி இரண்டு கைகளையும் ஒன்றாக நீட்டினார். முழங்கைக்குக் கீழே ஆரம்பித்து மெதுவாக இறங்கி வந்தேன். அரை மணி நேரம் கழித்து விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். "இன்னைக்குக் கொஞ்சம் தேவலை சார். நாளைக்குக் கொழுந்து எடுத்தா திரும்ப வரும்ல?" என்றார். வரும் என்றேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வைத்திருக்கவும், தன் கையைத் தானே அமுக்கிக்கொள்ளவும் காட்டிக்கொடுத்தேன். அவர் பாக்கியத்துக்குக் காட்டினார். நோட்டின் முதல் வரியில் செசிலி, கொழுந்தெடுப்பு என்று எழுதினேன். நோய் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

அடுத்த வருஷம் பரீட்சையில் தேறினேன். சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சங்கத்து ஆபீசில் ஒரு உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். முழுக்க மலையாளம். எங்கள் வகுப்பில் அதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். இத்தனை படித்தும் டாக்டர் என்று போட்டுக்கொள்ளக் கூடாதாம், உள்ளுறுப்பு நோய்களைத் தீர்மானித்துச் சொல்லக் கூடாதாம்.

நான் முதல் வரியைப் பார்த்தேன். கீழே வேலுச்சாமி என்று போட்டு நீட்டினேன்.

கிளார்க்குக்கு ஆச்சரியம். "முழுசும் வாயிக்காதெ ஒப்பிட்டோ?" என்றார். முழுக்கப் படிக்காமலே கையெழுத்தா என்று.

"படிக்கவே வேண்டாமுங்க. போன வருசமே இதை என் கையால எழுதியிருக்கறேன். ஒரு அம்மா சொல்லச் சொல்ல" என்றேன்.